நூற்றைம்பது இலைக் கல்யாணம்

காருக்கும் தலைவருக்கும் ஒரே பானையிலிருந்து தண்ணீர் ஊற்றிய என் நைனாவுக்கு,

அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இதைத்தான் உனக்கு முதலில் சொல்ல வேண்டும். ஒன்பது நாளாக வாய் வரவில்லை.

மாப்பிள்ளை நல்லவர் நைனா. பெயர் ஏகாம்பரம். திருமுக்கூடல்காரர். வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறார். குடிப்பதில்லை, அதட்டிப் பேசுவதில்லை. அக்கா கழுத்தில் மஞ்சள் கயிறு இருக்கிறது. எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று எழுதி, இதோடு கையெழுத்துப் போட்டுவிட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் தனம் அக்கா என்னோடு பேசுவதில்லை. கல்யாணத்தன்று சாயங்காலம் மாட்டு வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்து ஒன்று கேட்டாள். அதுதான் கடைசி. நான் செய்ததை எல்லாம் சொன்னால்தான் அவள் கேட்டது உனக்குப் புரியும்.

இந்தக் கடிதத்தைத் தன் மாதப் பத்திரிகையில் போடுகிறேன் என்று உத்திரமேரூர் அச்சாபீஸ்காரர் சொல்லியிருக்கிறார். ஆகவே உனக்கு எழுதுவதை ஊரும் படிக்கும். கல்யாணத்துக்கு வந்தவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும்.

உனக்கு அந்த நாள் நினைவிருக்குமே. நினைவில்லாமல் போகுமா? நீ அதைச் சொல்லாத வாரமே கிடையாதே. தலைவர் உத்திரமேரூர்ச் சந்தை மைதானத்தில் பேசிவிட்டுக் காஞ்சிபுரம் திரும்புகிறார். திருப்புலிவனம் தாண்டி, நம் தெரு முனையில் அவர் கார் புகைவிட்டுக்கொண்டு நின்றுவிட்டது. (அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மறுபடியும் கூட்டம் கூடிவிடும்.) நீ கிணற்றடியிலிருந்து பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். டிரைவர் பாதித் தண்ணீரைக் காருக்கு ஊற்றினார். மீதிக்குத் தலைவர் கையை நீட்டினார். நீ இரண்டு அடி பின்னால் போனாய்.

"சாமி, நாங்க சேரி ஆளுங்க."

"கார் குடிச்சிடுச்சே. எனக்கு மட்டும் என்னய்யா?"

பானையையே வாங்கி அண்ணாந்து குடித்தார். சட்டை நனைந்தது. உன் பக்கத்தில் நின்ற அக்காவையும் என்னையும் பார்த்து, "பொண்ணுங்க கல்யாணத்துக்குச் சொல்லி அனுப்பு, வரேன்" என்றார். கார் போய்விட்டது. அந்தப் பானையில் அப்புறம் அம்மாவைக் கூழ் கரைக்கக்கூட நீ விடவில்லை.

அன்றைக்கு உனக்குப் பிடித்தது எனக்கும் பிடித்துக்கொண்டது. நான் எழுத்துப் படித்ததே அவர் கூட்டத்து நோட்டீஸில்தானே? சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் முன்னால் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "அஞ்சல, அந்தப் பெரிய எயுத்து இன்னா சொல்லுது?" என்று கேட்பாய். உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போகிறவர் வருகிறவரைக் கேட்டுக் கேட்டு, ஒரு நோட்டீஸுக்கு நாலு எழுத்தாகப் பொறுக்கினேன். கடையில் மிளகாய் கட்டிக் கொடுத்த காகிதத்தில் மீதியைப் படித்தேன். தலைவர் படம் வந்தால் வெட்டி எடுத்து டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறம் சோற்றுப் பருக்கையால் ஒட்டுவேன். ஆடு மேய்க்கும்போது அவரைப் போலவே தோளில் துண்டு போட்டுக்கொண்டு ஆடுகளுக்கு முன்னால் பேசுவேன். "என் அருமைத் தோழர்களே" என்றால் ஒரு ஆடாவது தலை தூக்கும்! நீ வரப்பில் உட்கார்ந்து கைதட்டுவாய்.

போன வருஷம் மூன்று நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். வருஷம் திரும்பட்டும் என்று அம்மா காத்திருந்தாள். இந்தச் சித்திரையில் அக்காவுக்கு இடம் வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா ராசாத்தி அத்தை தனியாகவே நடந்து வந்தாள். அவளுக்கும் புருஷன் இல்லை. வந்ததும் வராததுமாக, "அண்ணி, நான் சுத்தி வளைச்சிப் பேச மாட்டேன்" என்றாள். அம்மா நடுங்கிப் போனாள். எத்தனை பவுன் கேட்கப் போகிறாளோ?

"நகை வோணாம். பாத்திரம், பாயி, ஒண்ணும் வோணாம். எம் புள்ளைக்கு வேட்டி கூட நானே எடுத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணுதான். கல்யாணத்துல ஒருத்தர்கூட கை நனைக்காம போவக் கூடாது."

"அவ்ளோதானா?" என்று அம்மா கேட்டுவிட்டாள்.

"அவ்ளோதானான்னா கேக்கற? அது எவ்ளோன்னு எனக்குத் தெரியும்."

அப்போதுதான் சொன்னாள். மாப்பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது, தன் ஊரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் நெல் குத்திக் கொடுத்தாளாம். வேலை முடியட்டும், கடைசியில் உனக்கும் உண்டு என்றார்களாம். கடைசியில் போய் நின்றால் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்களாம். இடுப்பில் இருந்த பிள்ளை, எச்சில் இலைக் குவியலைக் காட்டி அழுதுகொண்டே வந்ததாம். "அந்த வாசனை இன்னும் மூக்குல கீது அண்ணி. எம் புள்ள கல்யாணத்துல எவளும் அப்படித் திரும்பிப் போவக் கூடாது. போனா, உம் பொண்ண ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா என் மனசு ஆறாது."

இவ்வளவு குறைவாகக் கேட்கிற சம்பந்தி எங்கே கிடைப்பாள்? அன்றே வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள்.

செலவைச் சுருக்கும் வேலையை நான்தான் எடுத்துக்கொண்டேன். எனக்குத்தானே எழுத்துத் தெரியும்! நம் தெரு இருபது வீடு, தொண்ணூறு பேர். மாப்பிள்ளை வீட்டார் நாற்பது. வெளியூர் உறவு இருபது. ஆக நூற்றைம்பது இலை. ஒரு படி அரிசியில் ஐந்து பேர் வயிறார உண்ணலாம், ஆகவே முப்பது படி. நவரை அறுப்புக் கூலி நெல்லை அம்மா தொடாமல் வைத்திருந்தாள், அது போதும். பூசணிக்காய் கூரை மேல் காய்த்துக் கிடந்தது. பந்தலுக்கு நம் தெரு ஆண்கள் பனை ஓலை வெட்டினார்கள். மாலைக்கு அரளியும் சம்பங்கியும் நாங்களே பறித்துக் கட்டுவது. காஞ்சிபுரத்துக்குப் பத்து மைலில் இருந்துகொண்டு பட்டுப் பக்கமே போகவில்லை. சிவப்புக் கரை போட்ட நூல் புடவை. ஐயர் கிடையாது, மேளம் கிடையாது. தலைவர் வழியில் சீர்திருத்தக் கல்யாணம். பெரியவர் ஒருவர் மாலை எடுத்துக் கொடுத்து நாலு வார்த்தை பேசினால் முடிந்தது.

அந்தப் பெரியவர் யார்? எனக்கு வேறு யார் நினைப்பு வரும் நைனா?

அக்காவிடம் ஓடினேன். அவள் உரலில் கேழ்வரகு குத்திக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இன்னாத்துக்குடி தலைவரு?" என்றாள் உலக்கையை நிறுத்தாமல். "எதுத்த வூட்டுப் பொன்னம்மாக்கா மால எடுத்துக் குடுக்கட்டும். அதான் நான் பொறந்தப்ப கையில வாங்கிச்சி."

"நைனா ஆசைப்பட்டுது அக்கா."

"நைனா ஆசைப்பட்டுதா, நீ ஆசைப்படறியா?"

அன்றே தலைவருக்குக் கார்டு எழுதிப் போட்டேன். அக்கா அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் எனக்கு ஏன் காதில் விழவில்லை? இரண்டு வாரத்தில் பதில் கார்டு வந்தது. "வருகிறேன்" என்று ஒரே வார்த்தை, கீழே கையெழுத்து. தபால்காரர் தெரு முனையில் நின்றே கூவிக் கொடுத்தார். நான் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இருபது வீட்டுக்கும் ஓடினேன். அம்மா கார்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உங்கப்பன் ஒரு பான தண்ணி குடுத்துட்டுப் போனான்" என்று அழுதாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தாள்.

அப்புறம்தான் என் தப்பு வருகிறது.

கல்யாணப் பத்திரிகை அடிக்க உத்திரமேரூர் போனேன். ஐம்பது போதும் என்றேன். அச்சாபீஸ்காரர் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, நான் எழுதிக் கொண்டுபோனதைப் படித்தார். படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது! தலைவர் வராரு, அவர் பேர இவ்ளோ சின்னதாவா போடறது? இது பத்திரிகை சமாச்சாரமே இல்ல. நோட்டீஸ் அடிக்கணும்."

"அதுக்குக் காசு இல்லீங்க."

"யாரு காசு கேட்டா? அவர் பேரு போட்டு அடிக்க நான் காசு வாங்குவனா? ரோஸ் பேப்பர் மிச்சம் கீது. முந்நூறு அடிச்சித் தரேன். மைக் செட்டுக்காரன் நம்ம பையன்தான், அவனும் சும்மா வருவான்."

சும்மா! எல்லாம் சும்மா! எவ்வளவு மிச்சம் பிடித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுத்துக் கோர்ப்பதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். மேலே தலைவர் பெயர், உள்ளங்கை அகலத்துக்கு. கீழே "பேசுகிறார்." அதற்குக் கீழே ஏகாம்பரம், தனம் என்று எறும்பு எழுத்து. எல்லாவற்றுக்கும் கீழே, எந்த நோட்டீஸுக்கும் அவர் போடுகிற மாதிரி, நான் எழுதித் தராத இரண்டு வார்த்தை: "அனைவரும் வருக."

அதை நான் படித்தேன் நைனா. நன்றாகப் படித்தேன். நோட்டீஸ் என்றால் அடியில் அப்படித்தான் இருக்கும், சின்ன வயதிலிருந்து பார்த்ததுதானே என்று விட்டுவிட்டேன். பசை காய்ச்சி நானே ஒட்டினேன். உத்திரமேரூர், திருப்புலிவனம், நடுவில் இருக்கிற கிராமம் எல்லாம். சுவரில் ஈரம் காயும்வரை நின்று பார்த்துவிட்டு அடுத்த சுவருக்குப் போனேன். நூற்றைம்பது இலை என்பது என் நினைவில் வரவே இல்லை.

கல்யாணத்தன்று காலையிலேயே வண்டிகள் வர ஆரம்பித்தன. யாரோ வழி தவறிப் போகிறார்கள் என்று அம்மா நினைத்தாள். ஒன்பது மணிக்குப் பந்தல் நிறைந்தது. பத்து மணிக்குப் பந்தலுக்கு வெளியே வேப்பமரம் வரைக்கும் தலை. ஊர்த்தெரு ஆண்கள், நம் தெருப்பக்கம் காலே வைக்காதவர்கள், வெள்ளை வேட்டியும் துண்டுமாக வந்து நின்றார்கள். நாங்கள் நடவுக்குப் போகிற பெரிய வீட்டுப் பிள்ளையும் வந்தான். நானூறு பேராவது இருக்கும். அடுப்பில் முப்பது படி அரிசி கொதித்துக்கொண்டிருந்தது.

நான் அம்மாவிடம் ஓடினேன். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, காதோடு சொன்னாள்.

"பயப்படாத. ஊர்க்காரங்க பேச்சக் கேட்டுட்டுப் பூடுவாங்க. நம்ம வூட்ல எவன் கை நனைப்பான்?"

அந்த நிமிஷத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்? எனக்கு நிம்மதியாக இருந்தது நைனா. பந்தலின் கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வேண்டிக்கொண்டேன். எந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று ஆடுகளுக்கு முன்னால் கத்திக் கத்திப் பேசினேனோ, அந்த வழக்கம் இன்றைக்கு ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இவர்கள் நம்மைத் தீண்டாமல் போகட்டும், சோறு மிஞ்சட்டும் என்று. தலைவரின் படத்தைப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறவள் வேண்டுகிற வேண்டுதலா அது?

தலைவர் பதினொன்றரைக்கு வந்தார். அக்காவும் மாப்பிள்ளையும் விடிந்ததிலிருந்து பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். மாலைகள் வாடிப்போய் அம்மா தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள். தலைவர் மைக்கைப் பிடித்தார். என்ன பேச்சு! நீ கேட்டிருக்க வேண்டும்! சாதி எங்கே பிறந்தது, யார் பெற்றார்கள், யார் வளர்த்தார்கள் என்று ஒன்றரை மணி நேரம். வேப்பமரத்தடியில் நின்றவர்கள்கூட அசையவில்லை. நான் முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி கேட்டேன். உன்னைப் பற்றி இப்போது சொல்வார், அந்தப் பானையைப் பற்றி இப்போது சொல்வார் என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் காத்திருந்தேன். சொல்லவில்லை.

மாலை எடுத்துக் கொடுத்தார். மாற்றிக்கொண்டார்கள். அம்மாவின் ஆசைக்கு மஞ்சள் கயிறு. எல்லாரும் அரிசியைத் தூவினார்கள். அப்புறம் தலைவர் மறுபடி மைக்குக்கு வந்தார்.

"கைதட்டினால் சாதி ஒழியாது. இந்தத் தெருவில், இந்த வீட்டில், இன்று எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிடாமல் போகிறவர் என் பேச்சைக் கேட்டவரே இல்லை. முதல் இலையில் நான் உட்காருகிறேன்."

கூட்டம் அதிர்ந்தது. முதலில் கைதட்டியது யார் தெரியுமா? நான்தான். எழுந்து நின்று தட்டினேன். இரண்டு கையும் சிவக்கத் தட்டிவிட்டுத்தான் அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர்கள் உட்கார்ந்தார்கள் நைனா! வெள்ளை வேட்டிகள் நம் தெரு மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தன. பெரிய வீட்டுப் பிள்ளை பொன்னம்மாவின் புருஷனுக்குப் பக்கத்தில், முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தான். நீ உயிரோடு இருந்திருந்தால் இதைப் பார்த்து அழுதிருப்பாய். நானும் அழுதேன். பாதி அதைப் பார்த்து, பாதி அடுப்பில் இருந்த முப்பது படியை நினைத்து.

அம்மா பொன்னம்மாவின் புருஷனுக்குக் கண்ணைக் காட்டினாள். அவர் எழுந்துவிட்டார். நம் தெருவே எழுந்தது. வீட்டுக்காரர்களுக்குக் கடைசிப் பந்திதானே, விருந்தாளிகள் முதலில் சாப்பிடட்டும் என்று. எவரும் முகம் கோணவில்லை. இரண்டு பந்தியில் சோறு அடி கண்டது. மூன்றாவது பந்தி உட்கார்ந்து காத்திருக்கிறது. நான் வெறும் அகப்பையோடு நிற்கிறேன். ராசாத்தி அத்தை அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

பொன்னம்மாதான் இடுப்பில் கூழ்ப்பானையோடு வந்தாள்.

"இன்னாடி நிக்கற? ஓலைய மடிச்சிப் பட்ட கட்டு. ஊத்தலாம்."

"கல்யாணத்துல கூழா?"

"வேற இன்னா, எங்கிட்ட பிரியாணியா கீது? கூழு இன்னா பாவம் பண்ணிச்சி? ஊத்துடி."

அவளைப் பார்த்து மற்ற வீடுகளும் பானையை எடுத்தன. இருபது வீட்டு ராத்திரிக் கூழும் மறுநாள் காலைக் கூழும். பந்தல் மேலிருந்தே ஓலையை உருவிக் குழிவாக மடித்து, கூழை ஊற்றி, ஒரு வெங்காயம், ஒரு பச்சை மிளகாய். தலைவர் தன் இலையை முடித்துவிட்டு வந்து ஒரு பட்டை கூழும் வாங்கிக் குடித்தார். "இதுதான் உழைப்பவர் விருந்து" என்றார். மறுபடி கைதட்டல். வந்த நானூறு பேருக்கும் கை நனைந்தது.

தலைவர் புறப்படும்போது டிரைவர் காருக்குத் தண்ணீர் கேட்டார். அம்மா உன் பானையையே கொண்டுவந்தாள். எனக்கு அடக்க முடியவில்லை.

"ஐயா, இந்தப் பானைலதான் எங்க நைனா உங்களுக்குத் தண்ணி குடுத்துது."

அவர் நின்றார். யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத முகம்.

"எந்த ஊர்ல அம்மா?"

"இங்கதான் ஐயா. இந்த முனைலதான்."

"எத்தனையோ பேர் கொடுத்திருக்காங்கம்மா. எல்லாருக்கும் கடமைப்பட்டவன்."

கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார். இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவர் மறந்தது தப்பா? நாள்தோறும் கார் எங்கேயோ நிற்கிறது, யாரோ தண்ணீர் தருகிறார்கள். நீ இருந்தால் அவர் பக்கம்தான் பேசுவாய். "அவருக்கு ஆயிரம் பானை, நமக்கு ஒண்ணு" என்பாய். சொல்லிவிட்டு அன்று முழுக்க யாரோடும் பேச மாட்டாய். எனக்குத் தெரியாதா உன்னை?

கூட்டம் கலைந்தது. வண்டி கட்டினார்கள். ராசாத்தி அத்தை புறப்படாமல் தெருவில் வீடு வீடாக எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பொன்னம்மா வாசலில் அவளுடைய மூன்று பிள்ளைகளும் காலிப் பானைக்குள் கையை விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தன. அத்தை அங்கேயே நின்றுவிட்டாள். அப்புறம் அம்மாவிடம் வந்தாள்.

"வந்தவங்க எல்லாம் சாப்ட்டாங்க அண்ணி. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். இந்தத் தெரு சாப்ட்டுதா?"

அம்மா தலை குனிந்தாள்.

"பந்தல் போட்டவன், பானையைக் குடுத்தவ, அவங்கதான் கை நனைக்கல. அன்னிக்கி நெல்லு குத்தினவ நின்ன மாரி நிக்கறாங்க."

"அத்தை, நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"உன்ன ஒண்ணும் சொல்லல அஞ்சல. ஆடிக்குப் பொண்ண அழைக்க வருவீங்க இல்ல? இந்தத் தெரு உக்காந்து சாப்ட்டப்பறம் வாங்க. அதுக்கு முன்ன வந்தா நான் அனுப்ப மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை நைனா. கண் கலங்கிச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்கா வண்டியில் ஏறினாள். அவளும் அன்று சாப்பிடவில்லை. மணப்பெண் இலை என்று எடுத்து வைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தச் சிவப்புக் கரைப் புடவையில் அவள் எப்படி இருந்தாள் என்றுகூட நான் சரியாகப் பார்க்கவில்லை. நானூறு பேரும் பார்த்தது மைக்கைத்தான். நான் அவள் கையைப் பிடித்தேன். கையை விடுவித்துக்கொண்டு கேட்டாள்.

"உன் கூட்டம் முடிஞ்சிதா? நான் போவட்டா?"

அவ்வளவுதான். வண்டி போய்விட்டது.

மூன்றாம் நாள் பெரிய வீட்டுக் கழனிக்குக் களை எடுக்கப் போனேன். அந்தப் பிள்ளை வரப்பில் நின்றான். என்னைப் பார்த்ததும் சிரித்தான். "உங்க தெரு கூழு ஜோரா இருந்துச்சி, நான் ரெண்டு பட்ட குடிச்சேன் இல்ல" என்றான். எனக்கு மனசு குளிர்ந்தது. தாகம் என்றேன். செம்பை எடுத்து, எப்போதும் போல, எட்டி நின்று உயரத்திலிருந்து என் கையில் ஊற்றினான். சிரித்த முகம் மாறவே இல்லை. அவனுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அன்றைக்கு முட்டி இடிக்க உட்கார்ந்தது இவன்தானா? பொன்னம்மா பிள்ளைகளின் இரண்டு வேளைக் கூழுக்கு நாம் வாங்கியது என்ன நைனா?

ஒன்றுமே இல்லை என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. உட்கார்ந்தார்களே. என் கண்ணால் பார்த்தேனே. ஆனால் தலைவர் சொல்லித்தான் உட்கார்ந்தார்கள். தலைவர் போனதும் எழுந்துவிட்டார்கள்.

சரி. இப்போது என் வாக்கு.

ஆடி முதல் நாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நானும் அம்மாவும் களைக் கூலியை நெல்லாகவே வாங்கிக்கொண்டு வருகிறோம். கூழ் குடித்துக்கொண்டு நெல்லைத் தொடாமல் வைக்கிறோம். பொன்னம்மா, "கூழு குடுத்ததுக்குச் சோறா? நான் இன்னா கடை போட்டனா?" என்று சண்டைக்கு வந்தாள். தனத்துக்காக என்றேன். அடங்கிவிட்டாள், குத்திக் கொடுக்கிறேன் என்று உலக்கையைத் தூக்கிக்கொண்டாள். முந்தின நாளே திருமுக்கூடலுக்கு நானே நடந்து போவேன். அத்தையை, மாப்பிள்ளையை, அக்காவைக் கூட்டிக்கொண்டு வருவேன். தெரு உட்கார்ந்ததை அத்தை தன் கண்ணால் பார்த்துவிட்டு அக்காவை நம்மிடம் விடட்டும். நோட்டீஸ் இல்லை, மைக் இல்லை, பேச்சு இல்லை. இருபது வீட்டுக்கும் வாயால் சொல்லுவேன். முதல் இலையில் தனம் அக்கா உட்காருவாள், பக்கத்தில் பொன்னம்மாவின் பிள்ளைகள் மூன்றும். அக்கா என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. நான் பரிமாறுவேன். இந்த முறை அவள் புடவையைப் பார்ப்பேன்.

நம் தெருவுக்கும் அவர்கள் மூவருக்கும் பத்தொன்பது படி போதும். நான் இருபத்தொரு படி போடுகிறேன். பத்து இலைக்குச் சோறு மிஞ்சும். இதைப் படிக்கிற ஊர்த்தெருக்காரர்களில் பத்துப் பேர், யாரும் மைக்கில் சொல்லாமல், யாரும் கைதட்டாமல், தாமாக வந்து உட்காருவார்களா? வந்தால் இலை இருக்கிறது. வராவிட்டால் பொன்னம்மாவின் பிள்ளைகள் இரண்டாம் முறை வாங்கிக்கொள்ளும். அந்தப் பத்து இலையையும் எண்ணித்தான் வைத்திருக்கிறேன் நைனா.

உன் சின்னப் பொண்ணு,
தனத்தின் தங்கச்சி,
அஞ்சலை